நாடகக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒன்பது அறைகள்

போர்ட் லூயியில் என் அறைக்குள் நுழைந்ததும் முதலில் குளியலறைக் கதவைத் தேடினேன். கதவும் இல்லை, குளியலறையும் இல்லை. அறையின் நட்டநடுவில், கட்டிலிலிருந்து நான்கடி தள்ளி, வெள்ளை வெளேரென்று ஒரு குளியல் தொட்டி உட்கார்ந்திருந்தது. அதற்குத் திரைகூடக் கிடையாது. கழிப்பறைக்கு மட்டும் கருணை காட்டி ஒரு மூங்கில் தட்டி வைத்திருந்தார்கள்.

என்னைக் கூட்டிவந்த பெண் தொட்டியைக் காட்டி, பெருமையாக, "டிசைன்" என்றாள்.

நான் மெட்ராஸில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மாலை வேளைகளில் சபா நாடகங்களில் நடிப்பவள். எண்பதுகளின் நடுவில், மொரீஷியஸில் உள்ள ஒரு கோயில் சங்கத்தார் எங்கள் குழுவை ஒரே ஒரு காட்சிக்கு அழைத்திருந்தார்கள். ஆறு பேர் போனோம். நாடகத்தை எழுதி, இயக்கி, கதாநாயகியின் அப்பாவாகவும் நடிப்பவர் ராமதுரை சார். முப்பது வருஷமாக நாடகம் போடுகிறவர். எங்கள் யாருக்கும் அதுவரை பாஸ்போர்ட் இருந்ததில்லை. விமானத்தில் கொடுத்த மிட்டாயை நான் சாப்பிடாமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன், அக்கம்பக்கத்தில் காட்ட வேண்டுமே.

அப்படிப்பட்ட எங்களுக்கு ஏன் இவ்வளவு உசத்தியான ஹோட்டல்? காரணம் எளிது. ஹோட்டல் இன்னும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு விருந்தோடு திறப்பு விழா. அதற்கு முன் வேலையாட்களுக்கு ஒத்திகை பார்க்க நிஜமான விருந்தாளிகள் தேவைப்பட்டார்கள். ஹோட்டலின் சொந்தக்காரி மதாம் எலென், பாரிஸில் படித்துவிட்டு வந்த கட்டடக்கலைஞர், சங்கத்தாரிடம், "உங்கள் நடிகர்களை என்னிடம் அனுப்புங்கள், என் ஆட்கள் அவர்களை வைத்துப் பழகிக்கொள்வார்கள்" என்று சொல்லியிருந்தார். ஆக, நாங்கள் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க வந்தோம், அவர்கள் எங்களை வைத்து ஒத்திகை பார்த்தார்கள்.

ஒரு காலத்தில் சர்க்கரை வியாபாரியின் வீடாக இருந்த கட்டடம் அது. மொத்தம் ஒன்பதே அறைகள். சுவர்களின் பூச்சை உரித்து, உள்ளே இருந்த கறுப்பு எரிமலைக் கல்லை அப்படியே விட்டிருந்தார் மதாம். கூடத்தில் கரும்புச்சாறு காய்ச்சும் பழைய செப்புக் கொப்பரையைக் கவிழ்த்து விளக்காகத் தொங்கவிட்டிருந்தார். பஞ்சாலை நூல் உருளைகளை அடுக்கி மேசைக்கால் செய்திருந்தார். பூச்சாடி ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சிவப்பு அந்தூரியம், இரண்டு கிடையாது. தெருவைக் கடந்தால் பழைய நாடக அரங்கு. என் ஜன்னலைத் திறந்தால் அதன் வெள்ளைத் தூண்கள் தெரிந்தன. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான அரங்கு. அதில் ஞாயிறு பிற்பகல் நான் நிற்கப்போகிறேன்! கட்டிலில் உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, கடைசியில் அறையில் இருந்த டெலிபோனை எடுத்தேன். கீழே மேசையில் ஒரு குரல் "போன்ஸூர்" என்றது. பழக்க தோஷம், நான், "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

என்னைக் கூட்டிவந்த பெண்ணின் பெயர் மீனாட்சி. அவளே அதை "மினாச்சி" என்றுதான் சொன்னாள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முப்பது வயது இருக்கும். பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவின் மொழி. எங்கள் பேச்சு பள்ளிக்கூட ஆங்கிலத்தில் நடந்தது, நடுநடுவே அவள் தனக்குத் தெரிந்த தமிழைத் தூவினாள்.

"அக்கா, நான் தமிழ் இஸ்கோல்ல படிச்ச. எழுத்து வாசிக்கும். சாமி பாட்டு பாடும். பேச... கொஞ்சோம்" என்று விரல் நுனியைக் காட்டினாள்.

மூன்று மாதம் முன்புவரை கம்பளிச் சட்டை பின்னும் ஆலையில் வேலை பார்த்தவள். ஊரில் பாதிப் பெண்கள் அங்கேதான் இருக்கிறார்களாம். ஐரோப்பாவின் குளிருக்கு இந்தத் தீவின் வெயிலில் ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். பத்து வருஷம் அதைப் பார்த்துவிட்டு, மினாச்சி துணிந்து இங்கே வந்துவிட்டாள். "இன்னும் நிரந்தரம் இல்ல. ஞாயிறு விருந்து முடிஞ்சதும் மதாம் முடிவு சொல்லுவாங்க. ஏழு பேருல நாலு பேரைத்தான் வெச்சுக்குவாங்க" என்றாள். ஆலைக்குத் திரும்பிப் போக முடியாது, அவள் இடத்தில் அப்போதே வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள்.

அதனால் அவள் என் கட்டிலை ஒரு நாளைக்கு நான்கு முறை விரித்தாள். விரித்ததைக் கலைத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி விரிப்பாள். நான் ஜன்னலோரம் நின்று வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன். ஒவ்வொரு வசனத்துக்கும், "இது என்னா அர்த்தம், அக்கா?" என்பாள். ஆங்கிலத்தில் சொல்வேன். கிரியோலில் தனக்குள் முணுமுணுத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். வியாழக்கிழமை மாலைக்குள் என் வசனத்தில் பாதி அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் ராமதுரை சார் என்னை மன்னிக்க மாட்டார். வியாழன் காலை அவர் முன்னால் சைக்கிள் சக்கரம் அளவுக்கு ஒரு தட்டு வந்தது. நடுவில் பப்பாளி மூன்று கீற்று, ஓரத்தில் ஒரு புதினா இலை. விருந்தாளியின் இடது பக்கமிருந்துதான் தட்டு வைக்க வேண்டும் என்பது மதாமின் விதியாம், பரிமாறியவர் சுற்றிவந்து அப்படியே வைத்து, ஓரடி பின்வாங்கிக் குனிந்து வணங்கினார். சார் தட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என் பக்கம் சாய்ந்து, "மிச்சம் எப்ப வரும்மா?" என்றார்.

மிச்சம் வரவில்லை. நாங்கள் ஆறு பேரும் நல்ல பிள்ளைகளாக நன்றி சொல்லிவிட்டு, அரங்குக்குப் பின்னால் இருந்த தெருவுக்கு ஓடினோம். அங்கே சைக்கிளில் கண்ணாடிப் பெட்டி கட்டி ஒருவர் தால் பூரி விற்றுக்கொண்டிருந்தார். உள்ளே பருப்புப்பொடி வைத்த மெல்லிய பூரி, அதற்குள் பீன்ஸ் குழம்பு, தக்காளித் தொக்கு, காரமான பச்சை மிளகாய்ச் சட்னி, எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டிக் காகிதத்தில் கொடுத்தார். சார் நான்கு சாப்பிட்டார். பிறகு சந்தையில் அலூடா குடித்தோம், சப்ஜா விதை மிதக்கும் ரோஸ் பால். நம் நாட்டு ஜிகர்தண்டாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம்.

வெள்ளிக்கிழமைதான் எல்லாம் மாறியது.

எங்கள் நாடகம் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில் நடக்கிறது. ஐந்து குடும்பம், ஒரு தண்ணீர்க் குழாய். மகளுக்கு வரன் பார்க்கும் அப்பா, மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்த வீடு முழுக்கத் தன் சொந்தம் என்று புளுகிவிடுகிறார். நான் குழாயடியில் வம்பு பேசும் பக்கத்துவீட்டுக்காரி. என் கையில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தே ஆக வேண்டும். கொண்டுவந்த குடம் விமானத்தில் நசுங்கி அப்பளமாகிவிட்டது. சந்தை முழுக்கத் தேடியும் இங்கே குடம் இல்லை. குழாய் வீட்டுக்குள்ளேயே வரும்போது குடம் எதற்கு? மோகாவில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு தமிழாசிரியர் இருக்கிறார், அவர் மனைவியிடம் குடம் இருக்கும் என்று சங்கத்தார் சொன்னார்கள். நானே போய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். தனியாக வெளிநாட்டு பஸ்ஸில் போகும் ஆசைதான், குடம் ஒரு சாக்கு.

மோகா அரைமணி தூரம். ஆனால் மூன்று இரவுகளாகப் பரவசத்தில் தூங்காதவள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? கண் விழித்தபோது குளிரும் தூறலுமாக ஏதோ ஒரு மலை நகரம். கியூர்பிப் என்று பலகை சொன்னது. பதறி இறங்கி, "மோகா? மோகா?" என்று கேட்டேன். ஒருவர் கை காட்டிய பஸ்ஸில் ஏறினேன். அவர் காட்டியது அதற்குப் பக்கத்து பஸ் என்று பிற்பாடுதான் தெரிந்தது. இருபக்கமும் கரும்பு. அறுவடை நேரம். கரும்பு ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் பஸ் நகர்ந்து நகர்ந்து போனது. காய்ச்சும் வெல்லத்தின் வாசனை ஜன்னல் வழியே வந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துச் சாலை முடிந்தது, எதிரே கடல்.

தொப்பி போட்ட நடுவயதுக் கண்டக்டர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "சுயாக். கடைசி ஸ்டாப். இதுக்கப்புறம் தென் துருவந்தான்" என்றார்.

எனக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. பஸ் நிலையத்தில் ஒரு அம்மா கண்ணாடிக் கூண்டில் வடை விற்றுக்கொண்டிருந்தார். மூக்குத்தி, நெற்றியில் குங்குமம், கறுப்பு ஸ்வெட்டர். பார்த்ததும் நம்ம ஊர்க்காரம்மா என்று மனசு துள்ளியது. "வணக்கம்மா, ரெண்டு வடை குடுங்க" என்றேன்.

அந்த அம்மா முகம் மலர்ந்து, "வணக்கம்" என்றார். பிறகு கையை விரித்து, "மோ பா கோம்ப்ரான்" என்றார். புரியவில்லை என்று அர்த்தம்.

கண்டக்டர் மொழிபெயர்க்க உட்கார்ந்தார். அம்மாவின் பெயர் அஞ்சலை. தமிழர்தான். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார், பத்து நாள் விரதம் இருப்பார். தமிழில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்காக ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார்: "சாமி. கோயில். அக்கா. அண்ணா. ரசோன். காரிபுலே." ரசமும் கறிவேப்பிலையும் என்று நான் கண்டுபிடித்ததும் கைதட்டினார். வடைக்கு நான் கொடுத்ததை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

நான் நாடகக்காரி என்று கண்டக்டர் சொன்னதும் அந்த அம்மாவின் கண் விரிந்தது. "ஞாயித்துக்கிழமை நாடகமா? நாங்க எல்லாரும் வர்றோமே! கோயில்லேர்ந்து தனி பஸ்ஸு. முப்பது பேரு. என் மகள் ஆலையில லீவு சொல்லிட்டா" என்று கிரியோலில் கொட்டினார். "ஏதாச்சும் சொல்லிக் காட்டச் சொல்லுங்க" என்று கண்டக்டரை இடித்தார்.

எனக்கா சொல்ல வேண்டும்? எழுந்து நின்று, இடுப்பில் இல்லாத குடத்தை வைத்துக்கொண்டு, மெட்ராஸில் ஒவ்வொரு காட்சியிலும் கொட்டகையையே குலுக்கிய வசனத்தை எடுத்துவிட்டேன்: "சொந்த வீடாம் சொந்த வீடு! வாடகை கேட்டு வந்தா பரண்மேல ஏறி ஒளிஞ்சுக்கற ஆளுக்குச் சொந்தம்னு சொல்லிக்க அந்தப் பரண்தான்டி இருக்கு!"

அஞ்சலையம்மா அசையாமல் கேட்டார். முடித்ததும் கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார்.

நான் சொன்ன நகைச்சுவையை அவர் மந்திரம் என்று நினைத்துவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை மனசில் ஓட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் தமிழ்நாட்டு ஆசிரியர்களும் அர்ச்சகர்களும் பத்திருபது பேர் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் தீவின் மூலைமுடுக்கிலிருந்து பஸ் வைத்து வரும் சனங்கள் இரண்டு மணி நேரம் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சிரிப்பும் வராது. சிரிப்பு நாடகத்தில் சிரிப்பு வராவிட்டால் மேடையில் நிற்பது என்னவென்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

மாலையில் ராமதுரை சாரிடம் சொன்னேன். அவர் நூல் உருளை மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"தமிழ் கேட்க ஆசையா வர்றாங்க. கேட்டுட்டுப் போகட்டும்."

"கேக்கறதுக்கு இல்ல சார், சிரிக்கறதுக்கு வர்றாங்க. மினாச்சிக்கு நம்ம வசனம் பாதி தெரியும். குழாயடியில எனக்கு எதிர்ல இன்னொரு பக்கத்து வீட்டுக்காரியா அவ நிக்கட்டும். நான் தமிழ்ல சொல்றதை அவ வியப்பா கிரியோல்ல திருப்பிக் கேக்கட்டும். வம்பு பேசறவங்க அப்படித்தானே பேசுவாங்க, 'என்னடி சொல்றே, அவன் இப்படிச் சொன்னானா'ன்னு?"

"முப்பது வருஷமா என் வசனத்துல ஒரு எழுத்தை யாரையும் மாத்த விட்டதில்ல, வசந்தா. ஹோட்டல்ல படுக்கை விரிக்கிற பொண்ணை மேடையேத்தணுமா?"

"நானும் டெலிபோன் ப்ளக் சொருகற பொண்ணுதான் சார்."

சார் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். அவர் அறையிலும் தொட்டி நடுவில்தான். கதவைச் சாத்திக்கொள்ள அவருக்குக் கிடைத்தது வாசல் கதவு ஒன்றுதான், அதைப் படாரென்று சாத்தினார்.

மினாச்சியிடம் கேட்டபோது அவள் முகம் ஒரு நொடி பளிச்சென்றாகி அணைந்தது. "ஞாயிறு மூணு மணிக்கு நாடகம். ஏழு மணிக்கு விருந்து. அந்த நேரத்துல நான் மேசை போட்டுக்கிட்டு இருக்கணும், அக்கா. ஒத்திகைக்குக்கூட என்னால வெளிய வர முடியாது. மதாமுக்குத் தெரிஞ்சா அந்த நாலு பேருல நான் இருக்க மாட்டேன்" என்றாள். பிறகு கட்டிலை விரித்தாள். விரித்த கட்டிலைக் கலைத்தாள். கலைத்ததை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "என் அம்மா வர்றாங்க நாடகத்துக்கு. அவங்களுக்கும் புரியாது" என்றாள்.

சனிக்கிழமை காலை நான் ஒரு காரியம் செய்தேன். வெளியே வர முடியாது என்றால் ஒத்திகையை உள்ளே கொண்டுவந்துவிடலாமே. மதாமிடம் போய், முற்றத்தில் ஒருமுறை நாடகத்தை நடத்திப் பார்க்கலாமா, வேலையாட்களும் தட்டேந்திப் பழகட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தாராளமாக என்றார். மினாச்சி தட்டில் எலுமிச்சைச் சாறு வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். சமையற்காரர், தோட்டக்காரர், பரிமாறுபவர் என்று எல்லோரும் வந்து நின்றார்கள்.

சார் முதல் காட்சியைப் பேசினார். யாரும் அசையவில்லை. அடுத்த காட்சியில் நான் இடுப்பில் ஒரு தலையணையைக் குடமாக வைத்துக்கொண்டு வந்து, பரண் வசனத்தைச் சொன்னேன். மௌனம். நான் சுவர்ப் பக்கம் திரும்பி, தட்டேந்தி நின்ற மினாச்சியைப் பார்த்தேன். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றி, "அயோ!" என்றாள். பிறகு கிரியோலில், ஆலை வாசலில் தோழியிடம் கேட்பது போல, "வாடகை கேட்டு வந்தா பரண்மேலயா ஏறுவாரு அந்த ஆளு? அப்ப அவருக்குச் சொந்தம்னு இருக்கறது அந்தப் பரண் மட்டுந்தானா?" என்று என்னைக் கேட்டாள்.

சமையற்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ராமதுரை சார் அப்படியே நின்றார். முப்பது வருஷம் கேட்ட சிரிப்பு, தன் வசனத்துக்கு, தான் ஒரு வார்த்தைகூட அறியாத பாஷையில் வந்து சேர்ந்ததை அவர் காது நம்பவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார். "அந்த இடத்தை... இன்னொரு தடவை பாருங்க" என்றார். இரண்டாம் முறை தோட்டக்காரரும் விழுந்தார். அதற்குப் பின் சாரே ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, "இதை அந்தப் பொண்ணு எப்படிச் சொல்லும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மாடிப்படியில் மதாம் எலென் நிற்பதை அப்போதுதான் பார்த்தோம். மினாச்சி சட்டென்று குனிந்து தட்டை எடுத்தாள். மதாம் இறங்கி வந்தார். பிரெஞ்சில் அவளிடம் என்னவோ கேட்டார், அவள் தலைகுனிந்து பதில் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் குறுக்கே புகுந்து, "தப்பு என்னுடையது, நான்தான் இழுத்துவிட்டேன்" என்றேன்.

மதாம் என்னைப் பார்த்தார். "நாடக அரங்குக்குப் பக்கத்தில் எதற்கு ஹோட்டல் கட்டினேன் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். கடற்கரையில் கட்டியிருக்கலாமே என்கிறார்கள். இவள் நடிக்கட்டும், என் விருந்தாளிகள் நாளைக்கு முதலில் நாடகம் பார்க்கட்டும். பிறகு சாப்பிடட்டும்" என்றார். உடனே விரலை உயர்த்தினார். "ஆனால் ஏழு மணி என்றால் ஏழு மணி. ஒரு மேசைகூடத் தாமதமாகக் கூடாது." போகிற போக்கில் திரும்பி, "அது என்ன, தலையணையில் தண்ணீர் பிடிப்பீர்களா?" என்று கேட்டார். குடத்தின் கதையைச் சொன்னேன். உள்ளே போய், ஷாம்பெயின் பாட்டிலைப் பனிக்கட்டியில் வைக்கும் பளபளப்பான வெள்ளி வாளி இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கே அரங்குக்கு முன்னால் பஸ்கள் வரிசை கட்டின. பட்டுப்புடவை, மல்லிகைச்சரம், கோட்டு சூட்டு. குதிரை லாடம் போல வளைந்த மூன்று அடுக்கு மாடங்களும் நிரம்பி, ஓவியம் தீட்டிய கூரைக்குக் கீழே பேச்சொலி தேனீக்கூடு மாதிரி இரைந்தது. திரை இடுக்கில் பார்த்தேன். மினாச்சி எனக்குப் பின்னால் நின்று, வெள்ளி வாளியைக் குழந்தை மாதிரிக் கட்டிக்கொண்டு சாமி பாட்டு முணுமுணுத்தாள்.

முதல் ஐந்து நிமிஷம் நான் பயந்தபடியேதான். மரியாதையான மௌனம். முன்வரிசையில் ஆசிரியர்கள் மட்டும் சிரித்தார்கள், அதுவும் தனியாகச் சிரிக்கக் கூச்சப்பட்டு அடங்கியது. சார் கழுத்தில் வேர்வை வழிந்தது. நான் குழாயடிக்கு வந்து பரண் வசனத்தைச் சொன்னேன். மினாச்சி எதிர்ப்பக்கமிருந்து வந்தாள். வந்து நின்றாள்.

நின்றவள் நின்றபடியே. அவள் கண் மாடங்களைப் பார்த்தது, வாய் திறக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. எக்ஸ்சேஞ்சில் லைன் செத்துப் போனால் வரும் அதே அமைதி. நான் கிட்டே போய் அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியாக, "ஐயோ!" என்றேன்.

"அயோ!" என்றாள் அவள்.

அந்த ஒரு சொல் அவர்களுடையதும்தான். கிரியோலில் எல்லா சாதியும் எல்லா மதமும் சொல்லும் சொல் அது. மேல் மாடத்திலிருந்து யாரோ ஒரு பெண், "அயோ மாமா!" என்று, நம் ஊர் 'ஐயோ அம்மா' போல, கத்த, அரங்கமே வெடித்துச் சிரித்தது. மினாச்சிக்கு நாக்கு கிடைத்துவிட்டது. அப்புறம் நாங்கள் எழுதி வைத்ததையெல்லாம் தாண்டி ஓடினாள். குழாயடி வரிசையைப் பார்த்து, "எங்க ஆலையில கழிப்பறை வரிசை இதைவிடப் பெருசு, அங்க வரிசையில நிக்கும்போதே ஒரு ஸ்வெட்டர் பின்னிடலாம்" என்று கிரியோலில் விட்டாள். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. புரிந்தவர்கள், ஆலைப் பெண்கள், நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிக் கூச்சல் போட்டார்கள். அதற்குப் பின் சாரின் ஒவ்வொரு வசனத்துக்கும் சிரிப்பு இரண்டு தவணையாக வந்தது. முதலில் முன்வரிசை, பிறகு மினாச்சி வாய் திறந்ததும் மொத்தக் கொட்டகை. சார் அந்த இரண்டாம் சிரிப்புக்காகக் காத்துக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டார். அவரை அத்தனை இளமையாக நான் பார்த்ததேயில்லை.

திரை விழுந்ததும் மேடைக்குப் பின்னால் ஒரே கூட்டம். சுயாக் அஞ்சலையம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, என் முதுகில் பலமாக ஒரு அறை வைத்தார். கும்பிடவில்லை. சிரித்துச் சிரித்து அவர் கண் மை கன்னம்வரை வந்திருந்தது. மினாச்சியின் அம்மா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். மினாச்சிக்கு அங்கே நிற்க நேரமில்லை. சுவரில் இருந்த கடிகாரம் ஆறு அடிக்கப் போகிறது என்றது. அம்மாவின் கையில் முத்தமிட்டுவிட்டு, வேஷத்தோடு தெருவைக் கடந்து ஓடினாள்.

விருந்து ஏழு மணிக்குத் தொடங்கியது. செப்புக் கொப்பரை விளக்கின் கீழ் நாற்பது பேர், ஆலை முதலாளிகள், வங்கிக்காரர்கள், கடற்கரை ஹோட்டல்காரர்கள். எங்கள் ஆறு பேருக்கும் ஒரு மேசை. மதாம் எங்களுக்காகவே வாழையிலை போடச் சொல்லியிருந்தார். ஏழு வகைக் காய்கறியோடு இங்கத்துத் தமிழர்கள் விசேஷத்துக்குச் சமைக்கும் சாப்பாடு. பலாக்காய்க் கூட்டை வாயில் வைத்ததும் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

சமையற்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு மினாச்சி தட்டோடு வந்தபோது, முகத்தில் இன்னும் மேடைப்பூச்சு இருந்தது. ஒரு மேசையில் யாரோ அவளை அடையாளம் கண்டு கைதட்ட, அடுத்த மேசை, அதற்கடுத்தது என்று முழுக் கூடமும் எழுந்து நின்று தட்டியது. வெள்ளைத்தலை கனவான் ஒருவர் தன் நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னார். மதாம் எலென் அவள் அருகே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "உட்கார், மினாச்சி. இனி இந்த வீட்டின் ஒன்பது அறையும் உன் பொறுப்பு. இன்றைக்கு நீ விருந்தாளி" என்றார்.

எங்கள் பக்கத்து மேசைக்காரர் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். மினாச்சி என்ன பதில் சொன்னாள் என்பதையும் அவர்தான் சொன்னார்: "நன்றி, மதாம். ஆனா ஒன்பது அறையும் என் பொறுப்புன்னா, இந்தக் கூடமும் என் பொறுப்பு. இன்னும் மூணு மேசைக்குச் சாப்பாடு போகல."

அவள் உட்காரவில்லை. வேலையாட்கள் எல்லோரும் பிற்பகல் நாடகம் பார்க்க வந்துவிட்டதில் வேலை பின்தங்கி, சமையற்கட்டில் தட்டுகள் தேங்கிக் கிடந்தன, அத்தனையையும் ஒரே நேரத்தில் பரிமாற ஆள் போதவில்லை. அவள் இரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டு கதவுக்கும் மேசைக்குமாக ஓடினாள். எனக்கு இலை முன்னால் இருப்புக் கொள்ளவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையற்கட்டுக்குள் போனேன். சமையற்காரர் சிரித்துக்கொண்டே என் கையில் இரண்டு தட்டை வைத்தார். ஒவ்வொன்றும் சைக்கிள் சக்கரம். இந்த முறை பப்பாளிக் கீற்று இல்லை, முழுச் சிவப்பு மீன், கீரை, நடுவில் சோறு. விளக்கு வெளிச்சத்துக்குள் நடந்தேன். அந்த வெள்ளைத்தலை கனவானின் வலது தோளுக்குப் பின்னால் போய் நின்று, தட்டை நீட்டினேன்.

கூடத்தின் மறுகோடியிலிருந்து மினாச்சியின் குரல் வந்தது. எசமானியின் குரல்.

"அக்கா! அந்தப் பக்கம் இல்ல! இடது பக்கம்!"

சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன்.